ஆட்டைத் திட்டாதீங்க சாமி!

போன வாரம் ஒரு நண்பர் தன்னோட பிரான்ஸ் பயணப் படங்களை அனுப்பியிருந்தார். பாரிஸோட நிறுத்தாம ஓவெர்ன் பக்கம் எரிமலை பார்க்கப் போயிருக்கார். சந்தோஷம். ஆனா படங்களுக்குக் கீழே ஒரு புலம்பல்: "இயற்கையை ரசிக்கப் போனா ஆட்டுப் புழுக்கை, கம்பி வேலி, மரப்படிக்கட்டு. உச்சிக்கு ரயில் வேற! மனுஷன் கை படாம ஒரு மலையையாவது விட்டு வைக்க மாட்டானுங்களா?"

படிச்சதும் சுருக்குன்னு ஆச்சு. கோபத்துல பாதி அவர் மேல, பாதி என் மேல. ஏன்னா இதே வசனத்தை, இதே மலையில நின்னு, நானும் பேசியிருக்கேன்.

இடம் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். பிரான்சின் நடுப்பகுதியில் கிளெர்மோன்-ஃபெரான் நகரம். அதுக்கு மேற்கே வடக்கு தெற்கா சுமார் 30 கிலோமீட்டருக்கு வரிசை கட்டி நிக்கிற சின்னச் சின்ன எரிமலைகள். மொத்தம் 80 வரும். 'ஷென் தே புய்'ன்னு பேரு. எல்லாம் தூங்கிப் பல ஆயிரம் வருஷம் ஆச்சு. பெரியவர் புய் த தோம், உயரம் 1,465 மீட்டர், வயசு சுமார் 11,000. இவருக்கு உச்சியில் பள்ளம் கிடையாது. குழம்பு கெட்டியா இருந்ததால ஓடாம அங்கேயே பிதுங்கி மொத்தையா நின்னுடுச்சு. பக்கத்துல இருக்கிற பரியூ அப்படியில்ல. நாம சின்ன வயசுல வரைவோமே, கூம்பு, மேலே வட்டமா ஒரு வாய், அதே அச்சு. வாயோட ஆழம் மட்டும் சுமார் 90 மீட்டர்.

லியோன்ல குடியிருக்கிற எனக்கு அது காரில் ரெண்டு மணி நேரம். சில வருஷம் முன்னாடி ஒரு ஜூன் மாசம் பரியூ ஏறினேன். மரப்படியில் வரிசையா ஆளுங்க. எனக்கோ ஆள் இல்லாத படம் வேணும். கயிற்றைத் தாண்டி நாலு எட்டு வெச்சேன். அவ்வளவுதான், காலுக்குக் கீழே சரசரன்னு சரிஞ்சது. இந்த மாதிரி மலை பாறை இல்லீங்க. எரிமலை கக்கின கங்குத் துண்டுகள் வாயைச் சுத்தி விழுந்து குவிஞ்ச மேடு. கப்பிக்கல் குவியல் மேல மெல்லிசா ஒரு புல் போர்வை, அவ்வளவுதான். என் பூட்ஸ் கிழிச்சதுல பாய் அளவுக்குப் புல் பெயர்ந்து வந்துடுச்சு.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிற ஒரு பெரியவர் நாயோட நின்னு பார்த்துட்டே இருந்தார். திட்டுவார்னு நினைச்சேன். திட்டல. வந்தார், பெயர்ந்த புல்லைத் தூக்கி இருந்த இடத்துலயே வெச்சு, காலால அழுத்தி மிதிச்சார். எனக்கு வெட்கம். வெட்கம் வந்தா மனுஷனுக்கு வாய் நீளும் இல்லையா? "உங்க ஆடு மட்டும் மண்ணைக் கெடுக்காதா? இயற்கையை அது போக்குல விட்டாத்தான் என்ன?"ன்னு எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சுல கேட்டேன்.

அவர் எதிர்ல இருந்த ஒரு மலையைக் காட்டினார். "அதுக்கும் உச்சியில பள்ளம் இருக்கு. தெரியுதா?"

உத்துப் பார்த்தேன். மரம்தான் தெரிஞ்சது. "இல்லையே."

"எனக்கும் தெரியல. எங்க தாத்தாவுக்குத் தெரிஞ்சது."

சொல்லிட்டு ஆட்டுப் பக்கம் போயிட்டார்.

அன்னிக்கு இறங்கி வந்தப்புறம்தான் இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். நூறு வருஷத்துக்கு முந்தைய தபால் அட்டைகளைப் பாருங்க. அதே மலைகள் மொட்டையா நிக்கும், ஒவ்வொண்ணோட வளைவும் வாயும் பளிச்சுன்னு தெரியும். காரணம், பல தலைமுறையா அங்கே மேய்ஞ்ச ஆடுகள். 19-ம் நூற்றாண்டிலிருந்து ஒரு பக்கம் மரம் நட்டாங்க. இன்னொரு பக்கம் ஜனங்க கிராமத்தை விட்டுப் போகப் போக மந்தை குறைஞ்சது. ஆடு வாய் வைக்காத இடத்துல முதல்ல புதர், அப்புறம் ஹேசல், பிர்ச், பைன்னு காடு மூடிக்கிட்டே வந்துடுச்சு. இன்னிக்கு பாதுகாப்புத் திட்டத்துலயே ஆடு மேய்ச்சல் ஒரு பகுதி. எரிமலையோட உருவம் கண்ணுக்குத் தெரியணும்னா ஆடு வேணும். அந்தப் பக்கத்து நாட்டு ஆட்டுக்குப் பேரே 'ரவா'. (உப்புமா கிண்டிடாதீங்க!) மேட்டு நிலத்துக் குளிரையும் கரட்டு மேய்ச்சலையும் தாங்குற சாதி.

இப்போ என் கட்சிக்கு வர்றேன். 'மனுஷன் கை படாத இயற்கை'ன்னு அங்கே ஒண்ணு இல்லவே இல்லை. சொல்லப்போனா அந்த எரிமலைகளை நமக்குக் காட்டிக் கொடுத்ததே மனுஷன் கைதான்.

1751-க்கு முன்னாடி அதெல்லாம் எரிமலைன்னே உலகத்துக்குத் தெரியாது. ழான்-எத்தியென் கெத்தார்னு ஒரு அறிஞர் பயணம் போறப்போ மூலான் ஊர்க் கட்டடங்கள்ல ஒரு கறுப்புக் கல்லைப் பார்க்கிறார். இது எரிமலைக் கல் ஆச்சேன்னு சந்தேகம். எங்கேருந்து வருதுன்னு விசாரிச்சா, வோல்விக். அங்கே போய்ப் பார்த்துட்டு, அடுத்த வருஷம் பாரிஸ் அறிவியல் கழகத்துல இவை அணைஞ்ச எரிமலைகள்னு அறிவிச்சார். கல் உடைக்கிறவங்க உளி படலைன்னா அந்தக் கல் அவர் கண்ணுல பட்டிருக்குமா?

அடுத்தது லெம்ப்தெஜி. எரிமலைச் சரளைக்காகத் தோண்டித் தோண்டி, ஒரு எரிமலையோட வயித்தையே திறந்து வெச்சுட்டாங்க. உள்ளே குழம்பு ஏறின குழாயும், சிவப்பும் கறுப்புமா அடுக்கடுக்கா விழுந்த சாம்பலும் இன்னிக்கு நாம நடந்து போய்ப் பார்க்கலாம்.

எல்லாக் கையும் நல்ல கைன்னு சொல்ல வரலை. லெம்ப்தெஜியைத் தோண்டின மாதிரி 80-ஐயும் தோண்டியிருந்தா மிச்சம் எதுவும் இருந்திருக்காது. எடுத்துட்டுப் போற கை வேற, பராமரிக்கிற கை வேற. ஆடு மேய்க்கிறவர் கையும், படி அடிச்சவன் கையும் ரெண்டாவது ரகம். நண்பர் ரெண்டையும் ஒரே தராசுல வைக்கிறார். அதுதான் என் சண்டை.

"காடு வளர்றது நல்லதுதானே?"ன்னு கேட்பீங்க. நல்லதுதான். சரிவுகள்ல நிறைய காடு இருக்கு, இருக்கட்டும். யாரும் அத்தனையையும் வெட்டச் சொல்லலை. ஆனா உச்சிகளும் மூடிட்டா? இந்த மலை வரிசையையும் பக்கத்து லிமாஞ் நிலப்பிளவையும் 2018-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தது, ஒரு கண்டம் பிளக்க ஆரம்பிச்ச கதையை அங்கே நேர்ல பார்க்கலாம்ங்கிறதுக்காகத்தான். எழுத்து மறைஞ்சா புத்தகம் எதுக்கு?

"ரயில்?" சரி, அதையும் பேசுவோம். பல்சக்கர ரயில் 2012-ல வந்தது. அதுக்கு முன்னாடி அதே தடத்துல காரும் பஸ்ஸும் புகை விட்டுக்கிட்டு ஏறிட்டு இருந்தது. 1907-லயே நீராவி ரயில் ஓடியிருக்கு. ரோமானியர்கள் 2-ம் நூற்றாண்டுலயே உச்சியில மெர்க்குரி தேவனுக்குக் கோயில் கட்டிட்டாங்க. 1648-ல பாஸ்கலோட மச்சான் ஃப்ளோரான் பெரியே பாதரசக் குழாயைத் தூக்கிட்டு ஏறி, மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையுதுன்னு நிரூபிச்சதும் இதே மலையிலதான். கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷமா ஆள் ஏறிட்டு இருக்கிற மலையில போய் நின்னுக்கிட்டு, தான் வந்த அன்னிக்கு மட்டும் யாரும் இருக்கக் கூடாதுங்கிறது என்ன நியாயம்? முட்டி வலியோட இருக்கிற என் அம்மாவும் ஒருநாள் அந்த ரயில்ல மேலே போனாங்க. காத்துல புடவைத் தலைப்பைப் பிடிச்சுக்கிட்டு, "இத்தனையுமா எரிஞ்சது?"ன்னு அவங்க கேட்டதை உங்க ஆளில்லாப் படத்துக்கு நான் விட்டுக் கொடுக்க மாட்டேன்.

நமக்குக் கோபம் வர்றது இயற்கை கெட்டதுக்காக இல்லை, படம் கெட்டதுக்காக. இதை நான் என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். புல்லைக் கிழிச்ச காலு என்னுது.

அதனால போறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். படியை விட்டு இறங்காதீங்க. வேலிக் கதவைத் திறந்தா மூடுங்க. நாய் கூட்டிட்டுப் போனா கட்டிப் பிடிங்க. ஒரு நாய் துரத்தினா மந்தையே சிதறிடும். மேய்க்கிறவரைப் பார்த்தா ஒரு 'போன்ழூர்' சொல்லுங்க. அந்த ஊர்ச் சந்தையில அந்த ஊர் ஆட்டுக்கறி கிடைச்சா, சாப்பிடறவங்க வாங்குங்க. மந்தை வெச்சிருக்கிறது கட்டுப்படி ஆனாத்தான் அடுத்த தலைமுறை மலையேறும். கட்டுப்படி ஆகலைன்னா, பரியூவோட வாயையும் தாத்தா பார்த்ததுன்னு தபால் அட்டையிலதான் தேடணும்.

நண்பருக்கு இதையே பதிலா அனுப்பிட்டேன். இன்னும் பதில் வரலை. அவர் அனுப்பின படங்களை மறுபடி ஒரு தடவை பார்த்தேன். எல்லாத்துலயும் அழகானது பரியூவோட வட்ட வாய்தான். புல் மட்டும் ஒட்ட வெட்டின மாதிரி, துளி புதர் இல்லாம.

வெட்டினது யாருன்னு அவர் இன்னும் யோசிக்கலை போல.