குரூப் சுவரைத் தாண்டட்டும் பாடம்

பிளஸ் ஒன் சேரும் பிள்ளைகளை 'குரூப்' பிரித்துவிடுகிறது. உயிரியல் எடுத்தவர் வரலாற்றைத் தொடுவதில்லை. வணிகவியல் எடுத்தவருக்கு அறிவியல் அத்தோடு சரி. கல்லூரிக்குத் தயார்ப்படுத்தும் இரண்டு ஆண்டுகளில் பார்வை விரிய வேண்டும், நடப்பதோ நேர்மாறு.

இதை மாற்றக் கடலூர் மாவட்டமே நல்ல பாடநூல். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது பிச்சாவரம் அலையாத்திக் காடு, தனக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்கு அரணாக நின்றது. அதைப் புரிந்துகொள்ளத் தாவரவியலும் அலைகளின் இயற்பியலும் மீனவர் வாழ்வும் ஒருசேரத் தெரிய வேண்டும். சோழர் காலத்து வீராணம் ஏரி வயலுக்கும் பாய்கிறது, சென்னைக்குக் குடிநீரும் தருகிறது. அந்த ஒரே ஏரியில் வரலாறு, பொறியியல், வேளாண்மை, நீர்ப்பங்கீடு எல்லாம் இருக்கின்றன. வழிகாட்ட, 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்தில் இருக்கிறது. அதன் கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையில் இருக்கிறது.

கடலூர், சிதம்பரம் மேல்நிலைப் பள்ளிகளில் எல்லா குரூப் மாணவர்களும் சேர்ந்து ஆண்டுக்கு ஓர் உள்ளூர் ஆய்வு செய்யட்டும். அதற்கு வாரம் ஒரு பாடவேளையும் அகமதிப்பீட்டில் மதிப்பெண்ணும் ஒதுக்க வேண்டும். ஆசிரியர்கள் கூடித் திட்டமிட நேரமும் தர வேண்டும். பள்ளிக் கல்வித் துறை வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்க வேண்டும்.