நாடியைத் தின்றது மாத்திரையா?

ரத்தக்குழாய் அழற்சி உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வர ஒரே காரணம் ஸ்டீராய்டு மாத்திரைதான் என்று சென்ற இதழில் ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார். பிபி நார்மல், கொலஸ்டிரால் நார்மல், வயதும் முப்பதுதான், பிறகு இதயத்துக்கு என்ன ஆபத்து என்பது அவர் கேள்வி.

ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிடோ டகயாசு, ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் விநோதமாகப் பின்னிக் கிடந்ததை அறிவித்தது 1908இல்; ரத்தக்குழாய் அழற்சியில் ஒரு வகைக்கு டகயாசு நோய் என்று அவர் பெயரே நிலைத்தது. அதே கூட்டத்தில் வேறு இரு மருத்துவர்கள், இதே மாதிரியான தங்கள் நோயாளிகளுக்கு மணிக்கட்டில் நாடியே இல்லை என்றார்கள். ஸ்டீராய்டு மருந்தான கார்டிசோனை முதன்முதலில் ஒரு மூட்டுவாத நோயாளிக்குக் கொடுத்தது 1948இல். நடுவில் நாற்பது வருடம். அந்த நோயாளிகளின் நாடியைத் தின்றது எந்த மாத்திரை?

ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், பிபியை ஏற்றும், உடம்பை ஊத வைக்கும். யார் மறைத்தார்கள்? அதனால்தானே மெத்தோட்ரெக்சேட் போன்ற அழற்சி அடக்கும் மருந்துகளைச் சேர்த்து, ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள்! அழற்சி அடங்காவிட்டால் தமனிச் சுவர் தடித்து உள்வழி குறுகும்; கொழுப்புப் படிவதும் சீக்கிரமே தொடங்கிவிடும்.

அடுத்தது அந்த 'நார்மல் பிபி'. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். டகயாசு நோயில், கைக்குப் போகும் தமனி தோளுக்கு முன்னாலேயே அடைபட்டுப்போவது சகஜம். அந்தக் கையில் பட்டையைச் சுற்றினால் கருவி 110/70 காட்டும். அது அடைப்பைத் தாண்டி வந்த ரத்தத்தின் அழுத்தம். மகாதமனிக்குள் 200 இருக்கலாம். இந்திய நோயாளிகளில் சிறுநீரகத் தமனி சுருங்குவது அதிகம். ரத்தம் போதவில்லை என்று சிறுநீரகம் ரெனினைச் சுரந்து அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். அடி வாங்குவது இதயமும் மூளையும்; கை மட்டும் பொய் சொல்லும். அதனால் இரண்டு கைகளிலும் பார்க்க வேண்டும், தொடையில் பெரிய பட்டை கட்டிக் காலிலும் பார்க்க வேண்டும். (வயிற்று மகாதமனியும் சுருங்கியிருந்தால் காலையும் நம்ப முடியாது; கதீட்டர் செலுத்தி உள்ளேயே அளப்பார்கள்.) கட்டுரையாளர் எந்தக் கையைப் பார்த்து நார்மல் என்றார்?

கொலஸ்டிரால் கதையும் இதுதான். அழற்சி உச்சத்தில் இருக்கும்போது கெட்ட கொலஸ்டிராலான எல்டிஎல் இறங்கும், அடக்கினால் ஏறும். மூட்டுவாதத்தில் நன்றாகவே பதிவான முரண் இது. வயதா? மாரடைப்பு ஆபத்தைக் கணக்கிடும் வாய்பாடுகளில் பெரிய எடை வயதுக்குத்தான். அவற்றில் பலவற்றில் அழற்சிக்கு இடமே கிடையாது. முப்பது வயதுப் பெண்ணுக்கு அவை ஆபத்தைக் குறைத்துக் காட்டாமல் வேறு என்ன செய்யும்?

கடைசியில் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டுக் கொள்ளும் பூண்டும் சாப்பிடச் சொல்கிறார். கொள்ளும் பூண்டும் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவரின் அட்ரினல் சுரப்பி வேலை மறந்து கிடக்கும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி வரும், பிபி சரியும், மயக்கம் போடும்; உயிரே போகலாம். அதற்கும் ஸ்டீராய்டு மேலேயே பழி போடுவாரோ? அந்த ஒரு வரியையாவது அடுத்த இதழில் அவர் திரும்பப் பெறட்டும். படித்துவிட்டு யாராவது ஏற்கெனவே நிறுத்தியிருக்கக்கூடும்.