'ஒரு போஸ்டர் போட்டுக் காட்டுங்க தம்பி': டிசைனரின் கைத்திறனை இப்படியா சோதிப்பது?

டிசைனர் வேலைக்கு ஆள் எடுப்பது என்றால் நம்ம ஊர் அச்சகங்களிலும் விளம்பர அலுவலகங்களிலும் அதிகம் காணக்கூடிய காட்சி இது. வந்தவரைக் கணினி முன் உட்கார வைத்து, "ஒரு மணி நேரம் டைம். நம்ம கடைக்கு ஒரு தீபாவளி போஸ்டர் போட்டுக் காட்டுங்க தம்பி" என்பார் முதலாளி. பளிச்சென்று ஒன்று வந்துவிட்டால் வேலை உறுதி.

சிக்கல் அடுத்த வாரம் தெரியவரும். அந்தத் தம்பி செய்த கல்யாணப் பத்திரிகை அச்சாகி வரும்போது, பொடி எழுத்துகளின் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாக நிழல் தட்டியிருக்கும். காரணம், திரையில் கறுப்பாகத் தெரிந்த அந்த எழுத்து உண்மையில் நான்கு மைகளும் கலந்த கறுப்பு. அச்சு இயந்திரத்தில் ஒரு நிறம் மயிரிழை விலகி விழுந்தாலும் எழுத்து இரண்டாகத் தெரியும். பொடி எழுத்து கறுப்பு மையில் மட்டும் இருக்க வேண்டும் என்பது தொழிலின் அரிச்சுவடி. ஆனால் தீபாவளி போஸ்டரில் அது தெரிந்தவரும் தெரியாதவரும் ஒன்றுபோலத்தான் இருப்பார்கள். அச்சடித்த காகிதம் எடைக்குப் போகும். திட்டு புதுசா சேர்ந்தவருக்கு.

போஸ்டர் தேர்வு ரசனையைக் காட்டும், கொஞ்சம் வேகத்தையும் காட்டும். இப்போது அதுவும் சந்தேகம்தான். கேன்வாவில் ஆயத்த வடிவங்கள் கொட்டிக் கிடக்கின்றன. வேண்டிய படத்தை எழுத்தில் கேட்டாலே வரைந்து தரும் வசதி 2023 முதல் ஃபோட்டோஷாப்பிலேயே இருக்கிறது. அழகான படம் வந்துவிட்டது என்பதால் அதைச் செய்தவருக்கு வேலை தெரியும் என்று ஆகிவிடாது. "லேயரை மெர்ஜ் பண்ண எந்த ஷார்ட்கட்?" என்று கேள்வித்தாள் நீட்டுவது இதைவிட மோசம். அது மனப்பாடத் தேர்வு.

இதற்குப் பதில், கெட்டுப்போன ஃபைல் ஒன்றைத் திறந்து கொடுக்கலாம். வாட்ஸ்அப்பில் வந்த சின்னப் படத்தை ஏ4 அளவுக்கு இழுத்து வைத்த ஃபைல். ஏ4 பக்கத்தை 300 டிபிஐ-யில் அச்சடிக்க 2480 × 3508 பிக்சல் வேண்டும். 640 பிக்சல் படத்தை இழுத்தால் என்ன ஆகும் என்று வந்தவரே சொல்ல வேண்டும். நிறம் ஆர்ஜிபி-யில் இருக்கட்டும். ஓரத்தில் வெட்டுக்கு விட வேண்டிய 3 மில்லிமீட்டர் பிளீடு இல்லாமல் இருக்கட்டும். அப்புறம் வந்தவரின் கையைக் கவனித்தால் போதும். படத்தின் பின்னணியை அழிப்பானால் அழிக்கிறாரா, மாஸ்க் போட்டு மறைக்கிறாரா? அழித்தது திரும்ப வராது. மறைத்ததை, வாடிக்கையாளர் நாளைக்கு மனம் மாறினாலும் மீட்டுவிடலாம்.

பத்தடிக்கு ஆறடி பிளெக்ஸுக்கு ஃபைல் அமைக்கச் சொல்வதும் நல்ல சோதனை. அதற்கும் 300 டிபிஐ போட்டால் 36,000 × 21,600 பிக்சல் ஆகும். வழக்கமான பிஎஸ்டி ஃபைலின் எல்லையே 30,000 பிக்சல்தான். தூரத்திலிருந்து பார்க்கும் பிளெக்ஸுக்கு 72 டிபிஐ தாராளம். விவரம் தெரிந்தவர், எண்ணைத் தட்டும் முன்பே "எங்க சார் கட்டப் போறீங்க?" என்று கேட்பார்.

தமிழ் எழுத்தைத் தேர்வில் யாரும் கண்டுகொள்வதில்லை என்பது வேடிக்கை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த வரியை யூனிகோடுக்கு மாற்றத் தெரியுமா? மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் 'கொ', 'கௌ' எல்லாம் கால் ஒரு பக்கம் கொம்பு ஒரு பக்கமாகச் சிதறும். அதைச் சரிசெய்யத் தெரியுமா? அதே நேரம், தமிழ்99 பழகியவரைத் தட்டச்சு முறை விசைப்பலகையில் உட்கார வைத்துவிட்டு "ஸ்பீடு இல்லையே" என்பதும் நியாயமில்லை. உட்காரும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

"இவ்வளவுக்கு நேரம் ஏதுங்க?" என்று முதலாளிகள் கேட்கலாம். போஸ்டருக்கு ஒரு மணி நேரம் கொடுக்கிறார்களே! கெட்ட ஃபைலுக்கு இருபது நிமிடம் போதும். அதைத் தனியாகத் தயாரிக்கவும் வேண்டாம், போன வருடம் அச்சில் சொதப்பியது ஒன்று கணினியில் எங்காவது கிடக்கும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சோதனைக்காகப் போட்ட டிசைன், ஆளை எடுக்காமலேயே கடை வாசலில் பிளெக்ஸாகத் தொங்குகிறது என்ற புலம்பல் இந்தத் தொழிலில் புதிதல்ல. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வேலை ஒப்பந்தமும் எழுத்துப்பூர்வ உரிமை மாற்றமும் இல்லாதபோது, சம்பளமில்லாமல் போட்ட அந்த டிசைனின் உரிமை அதைப் போட்டவருக்கே. வேலை தேடி வந்த பையன் அதற்காக வக்கீல் வைக்கவா போகிறான்? நிறுவனத்துக்குப் பயன்படும் புது டிசைன்தான் வேண்டுமென்றால், அன்றைய கூலியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்கட்டும்.