பிறந்தநாள் சாப்பாடும் இல்லத்துப் பிள்ளைகளும்



போன வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிஞ்சு நாங்க அண்டா கழுவிக்கிட்டிருந்தப்போ, வழக்கமா வர்ற அக்கா ஒருத்தர் கேட்டாங்க. "டிசம்பர் லீவுக்கு ஊருக்குப் போறோம். மகளுக்குப் பத்து வயசு ஆகுது. அங்க ஒரு அநாதை இல்லத்துல சாப்பாடு போட்டு கேக் வெட்டலாம்னு இருக்கோம். நம்ம வாட்ஸ்அப் குழுவுல சொன்னா நாலு பேர் பணம் போடுவாங்களா?"

எங்களில் பாதிப் பேர் "நல்ல காரியம்க்கா" என்றோம். மீதிப் பேர் முழித்தோம். அந்தப் பேச்சு தேக்கா காப்பிக்கடை வரைக்கும் நீண்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம். கோபப்படாமல் படிங்க, நாங்களும் பல வருஷம் இதைச் செய்தவங்கதான்.

முதலில் சட்டம். சிங்கப்பூரில் வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அனுமதி வாங்க வேண்டும். திரட்டியதில் 80 விழுக்காடு இங்கேயே செலவாக வேண்டும் என்பது பொது விதி. பேரிடர் நிவாரணம் போன்றவற்றுக்குத்தான் தளர்வு. அதனால் ஆலயக் குழுவில் வசூல் கிடையாது. உங்க சொந்தப் பணத்தை நீங்க கொடுப்பது வேறு விஷயம்.

ஆனா எங்களை உறுத்துவது சட்டம் இல்லை. சில வருஷம் முன்னாடி கோயில் யாத்திரை போனப்போ, நாங்க ஒரு இல்லத்தில் மதியச் சாப்பாடு போட்டோம். பஸ் லேட். பிள்ளைங்க ரெண்டு மணி நேரம் வரிசையில் உட்கார்ந்து காத்திருந்தாங்க. பாட்டுப் பாடினாங்க, யாருன்னே தெரியாத எங்களோட போட்டோவுக்கு நின்னாங்க. ஒரு பையன் கேக்கைத் தொடவே இல்லை. கேட்டா, "இந்த வாரம் இது மூணாவது கேக்" என்றான். அவன் அநாதையும் இல்லை. அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்றாங்க, மாசம் ஒருமுறை வந்து பார்ப்பாங்களாம். வீட்டில் பார்த்துக்க ஆள் இல்லை, அதனால் இங்கே.

அவன் ஒருத்தன் கதை மட்டும் இல்லை. 2009இல் 'சேவ் த சில்ட்ரன்' அமைப்பு வெளியிட்ட அறிக்கை, உலகம் முழுக்க இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருப்பதாகச் சொன்னது. பெரும்பாலும் வறுமைதான் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறது. குழந்தை உரிமைக்காக உழைக்கும் அமைப்புகள் பல வருஷம் அரசாங்கங்களிடம் இதைச் சொல்லிச் சொல்லித்தான் 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பெரிய இல்லங்களுக்குப் பதிலாகக் குடும்ப வளர்ப்பைக் கொண்டுவாருங்கள், சுற்றுலாப் போகிறவர்கள் இல்லங்களில் செய்யும் 'சேவை'யால் வரும் கெடுதலையும் தடுங்கள் என்றது அது. அந்தச் 'சேவை'யில் நாமும் இருக்கிறோம் என்று படிக்கும்போதுதான் சுருக்கென்றது.

சிங்கப்பூர் 1995இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையிலும், காரணமில்லாமல் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக்கூடாது என்று இருக்கு. இந்தியாவின் 2015 சிறார் நீதிச் சட்டமும் இல்லத்தைக் கடைசி வழியாகத்தான் வைக்கிறது. குடும்பத்தோடு இருக்கும் பிள்ளைக்கு உதவ 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் மாசம் 4,000 ரூபாய்கூட உண்டு. இல்லத்துக்கு வர்ற நன்கொடையை விட இதைப் பத்தி நமக்குத் தெரிந்தது குறைவு. ஏன்னா இதில் போட்டோ எடுக்க ஒண்ணும் இல்லை!

எங்க குழுவிலேயே ஒரு அண்ணன் சண்டைக்கு வந்தார். "எல்லாரும் நிறுத்திட்டா இன்னைக்கு அந்தப் பிள்ளைங்களுக்கு யாருப்பா சோறு போடுவா?" நியாயமான கேள்வி. நிஜமாகவே யாரும் இல்லாத பிள்ளைகளும் இருக்காங்க. நம்ம பார்ட்லி ரோடு ராமகிருஷ்ணா மிஷன் சிறுவர் இல்லம் போர்க்காலத்தில் ஆதரவற்றுப் போன பிள்ளைகளுக்காக ஆரம்பித்ததுதான். அதை யாரும் குறை சொல்ல முடியாது. அதனால் திடீர்னு கையை இழுத்துக்கச் சொல்லலை. கொடுங்க, கேட்டுட்டுக் கொடுங்க என்கிறோம். பதிவு செய்த இல்லமா? எத்தனை பிள்ளைங்களுக்குப் பெற்றோர் இருக்காங்க? போன வருஷம் எத்தனை பேர் வீட்டுக்குத் திரும்பினாங்க? கடைசிக் கேள்விக்குப் பதில் வரலைன்னா கொஞ்சம் யோசிங்க. கேக்கும் கேமராவும் வேண்டவே வேண்டாம். நம்ம வீட்டுப் பிள்ளை சாப்பிடுவதை முன்பின் தெரியாதவர் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டா விடுவோமா?

இங்கேயே செய்ய நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு. சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் வளர்ப்புப் பெற்றோர் திட்டம் 1956லேர்ந்து நடக்குது. வீட்டில் இடமும் மனசும் இருந்தா விசாரிச்சுப் பாருங்க. அது ஒரு நாள் சாப்பாடு போடுற மாதிரி சுலபம் இல்லை, அதையும் சொல்லிடறோம்.

அந்த அக்கா இந்த வாரம் திரும்ப வந்தாங்க. ஊர் இல்லத்துக்கு ஃபோன் போட்டுக் கேட்டிருக்காங்க. பாதிக்கு மேல பிள்ளைங்களுக்கு வீடு இருக்காம், ஆனா பொங்கலுக்குப் போய்வரச் செலவுக்குப் பணம் இல்லாம சிலர் அங்கேயே இருந்துடறாங்களாம். கேக் பணத்தை அந்தப் பஸ் டிக்கெட்டுக்கு அனுப்புறாங்க. மகள் பிறந்தநாளுக்கு நம்ம ஆலயத்தில் வெள்ளிக்கிழமை அன்னதான உபயம், பரிமாற வர்றது அந்தப் பிறந்தநாள் பொண்ணுதான். காலை 10 மணிக்கு வெங்காயம் உரிக்க ஆள் தேவை, வர முடிஞ்சவங்க பேர் கொடுங்க.