அடுப்படிக்கு யார் விடுப்பு தருவது?

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்தால் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விடலாம் என்கிறார்கள். எந்த வீட்டுக்கு என்று யாரும் கேட்பதில்லை.

என் தோழிக்கு ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்தார்கள். கையில் கொடுத்த தாளில் எல்லாம் சரியாகவே இருந்தது. முதல் இரண்டு வாரம் நீராகாரம், அதுவும் மடக்கு மடக்காக. பிறகு கூழ், பிறகு குழைந்த உணவு. நாளுக்கு 60 கிராமாவது புரதம். சாப்பிட்டு அரை மணி நேரம் தண்ணீர் கூடாது. நாலைந்து வாரம் கனமானது எதையும் தூக்கக் கூடாது.

ஐந்தாம் நாள் அவள் சாம்பார் தாளித்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனையில் குமட்டி, புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியபடி. “மாவு மெஷின்தானே அரைக்குது” என்றார் கணவர். கிரைண்டர் கல்லை எந்த மெஷின் தூக்கும்?

அந்தத் தாள் கேட்பது என்ன? உட்கார்ந்து சாப்பிடு, நேரத்துக்குச் சாப்பிடு, மென்று மெதுவாகச் சாப்பிடு, முட்டையையும் பருப்பையும் முதலில் சாப்பிடு. நம் வீடுகளில் ஆண்கள் பிறந்ததிலிருந்து சாப்பிடுகிற முறை இதுதான். பிள்ளை மிச்சம் வைத்த தோசையை நின்றபடி வாயில் போட்டுக்கொண்டவளுக்கு இது மருத்துவர் எழுதித் தர வேண்டியதாக இருக்கிறது.

அறுவை சிகிச்சையே கூடாதென்று நான் சொல்லவில்லை. அவளுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்திருக்கிறது, மாடிப்படி ஏறுகிறாள். என் கோபம் வேறு.

மூன்றாம் மாதம் முடி கொட்டும். பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். ஆனால் குண்டு என்று பேசிய அதே வாய்கள் “முடியெல்லாம் போச்சே” என்று வந்து நிற்கும். இரும்பு, பி12, கால்சியம் மாத்திரைகள் ஆயுள் முழுக்க. மாதவிலக்கு உள்ளவளுக்கு இரும்பு கூடுதலாகவே தேவை. எடை குறைந்ததும் வீட்டுச் செலவில் முதலில் வெட்டுப்படுவது இந்த மாத்திரைகள்தான்.

இன்னொன்றைக் காதில் கிசுகிசுப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எடை குறையும்போது நின்றுபோன மாதவிலக்கு திரும்பலாம், எதிர்பாராமல் கருவும் தங்கலாம். ஆனால் 12 முதல் 18 மாதம்வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். பைபாஸ் செய்துகொண்டவர்கள் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பவும் முடியாது. பிள்ளை தங்கவில்லை என்பதற்காகவே மேசையில் படுக்கவைக்கப்பட்டவள், ஒன்றரை வருடம் பொறுங்கள் என்று மாமியாரிடம் எப்படிச் சொல்வாள்? அதை மருத்துவர் கணவனை உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

பொறுத்துக்கொள்வதிலும் நமக்குப் பயிற்சி அதிகம். முதல் வாரங்களில் காய்ச்சல், படபடப்பு, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, நிற்காத வாந்தி என்றால் தையல் பிரிந்து கசிகிறதோ என்று உடனே பார்த்தாக வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள்.

சம்மதப் படிவத்தில் கணவனிடமும் கையெழுத்து கேட்கிறார்களே, அதற்கு மேலே ஒரு வரி சேர்க்கலாம்: ஆறு வாரத்துக்குச் சமையலும் மாவு அரைப்பதும் என் வேலை.