நிலவறையில் ஒரு வாயு

1984 டிசம்பர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், கட்டுமானத்தில் இருந்த லிமரிக் அணுமின் நிலையத்தில் பொறியாளர் ஒருவர் கதிர்வீச்சுக் கருவியைக் கடக்கும்போதெல்லாம் அபாய மணி அலறியது. ஆலையில் அப்போது மின் உற்பத்தியே தொடங்கியிருக்கவில்லை! கதிரியக்கத்தை அவர் ஆலையிலிருந்து வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. வீட்டிலிருந்து ஆலைக்குக் கொண்டு வந்துகொண்டிருந்தார்.

வீட்டுக்கடியில் இருந்த யுரேனியப் பாறையிலிருந்து ரேடான் வாயு உள்ளே கசிந்திருந்தது. லிட்டருக்கு 4 பிக்கோகியூரியைத் தாண்டினாலே சரிசெய்ய வேண்டும் என்கிறது அந்நாட்டு அரசு. அங்கே இருந்ததோ சுமார் 2,700. நிறமில்லை, மணமில்லை. அந்தக் குடும்பம் அதைத்தான் சுவாசித்துக்கொண்டிருந்தது.

மாநிலத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்புத் துறை வீடுகளை அளக்கக் கிளம்பியது. 1987இல் சட்டம் வந்தது: ரேடானை அளப்பவரும் அகற்றுபவரும் அரசுச் சான்று பெற வேண்டும். பயந்தவனிடம் போலிக் கருவி விற்பது எளிது என்பதால் இது நல்ல சட்டம். பரிகாரமும் பெரிய வித்தையல்ல. தளத்தைத் துளைத்து ஒரு குழாய், காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேலே தள்ள ஒரு விசிறி. வீட்டைவிட்டு வெளியேறியிருந்த அந்தப் பொறியாளரே சில மாதங்களில் வீடு திரும்பினார்.

ஆனால் வீட்டைச் சோதித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பென்சில்வேனியாவில் இன்றும் இல்லை. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 21,000 பேரின் நுரையீரல் புற்றுநோய் மரணத்துக்கு ரேடான் காரணம் என்கிறது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. அளப்பவருக்குச் சான்று கேட்கும் மாநிலம், வீடு விற்பவரிடம் சோதனைச் சீட்டு கேட்கத் தயங்குவது ஏன்?