சுவர் யாருடையது?

"சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்" என்பது பழமொழி.

உடம்பைப் பேணுங்கள் என்பதற்காகப் பெரியவர்கள் சொன்ன சொல் அது. ஆனால், உண்மையாகவே சுவரில் சித்திரம் எழுதுகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து இன்னொரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

சித்திரம் சரி. சுவர் யாருடையது?

இந்தக் கேள்வியை ஒரு பெரிய கண்காட்சி எழுப்பியது. அது அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், 2011-ம் ஆண்டு நடந்தது.

அங்கே, இந்தக் காலத்துக் கலைகளுக்காக ஒரு பெரிய காட்சிசாலை இருக்கிறது. 'மோகா' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அந்தக் காட்சிசாலை, "தெருக்களில் கலை" என்ற பெயரில் கண்காட்சி வைத்தது. ஏப்ரல் 17-ந் தேதி தொடங்கி, ஆகஸ்டு 8-ந் தேதி வரை நடந்தது.

எந்தக் கலை தெரியுமா? கடைச் சுவரிலும், பாலத்துக்கு அடியிலும், ரெயில் பெட்டியிலும் இரவோடு இரவாக எழுதிவிட்டு ஓடுகிறார்களே, அந்தக் கலை! அதற்கு அங்கே 'கிராபிட்டி' என்று பெயர்.

கண்காட்சி நடந்த கட்டிடம் எது என்பதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. அது ஒரு காலத்தில் போலீஸ் கார்களை நிறுத்தி வைத்த கொட்டகை! போலீசுக்குப் பயந்து ஓடியவர்களின் கைவேலை, பழைய போலீஸ் கொட்டகையிலேயே மரியாதையோடு வைக்கப்பட்டது.

பார்க்க வந்தவர்கள் 2 லட்சம் பேருக்கு மேல். அந்தக் காட்சிசாலையின் வரலாற்றில் அதற்கு முன் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை.

எப்படித் தொடங்கியது?

உள்ளே போனவர்கள் பல விந்தைகளைக் கண்டார்கள். கட்டிடத்துக்குள்ளேயே ஒரு தெரு அமைத்திருந்தார்கள். நியூயார்க் நகரத்து ரெயில்களின் பழைய போட்டோக்களும் இருந்தன. பெட்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எழுத்து. எழுத்தைச் சுற்றிலும் வண்ணம்!

இந்த வழக்கம் எப்படிப் பரவியது?

நியூயார்க்கில் ஓர் இளைஞன் இருந்தான். கடிதங்களையும் பொட்டலங்களையும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலை. போகிற இடமெல்லாம் தன் செல்லப் பெயரையும் தன் தெருவின் எண்ணையும் எழுதி வைத்தான். "டாக்கி 183." அவ்வளவுதான். 1971-ம் ஆண்டு ஜூலை மாதம் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை அதைச் செய்தியாக வெளியிட்டது. பிறகு கேட்க வேண்டுமா? அதைப் போல் எழுதப் பலர் கிளம்பிவிட்டார்கள்.

ஏன் எழுதினார்கள்? லட்சக்கணக்கான மக்கள் வாழும் பட்டணம். ஏழைப் பையனை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? "நானும் இந்த ஊரில்தான் இருக்கிறேன்" என்று அவன் சொல்ல விரும்பினான். அதற்குச் சுவர்தான் கிடைத்தது.

அந்த ஆசையை நாம் குறை சொல்ல முடியாது.

இரண்டு அளவுகோல்

ஆனால், மறுபக்கத்தையும் பாருங்கள்.

ஒரு கடைக்காரர் காலையில் கடை திறக்க வருகிறார். கதவு முழுவதும் யாரோ கிறுக்கியிருக்கிறார்கள். அவர் தம் பணத்தைப் போட்டுச் சாயம் வாங்கி, அதை அழிக்க வேண்டும். மறுநாள் வந்து பார்த்தால் மறுபடியும் கிறுக்கல்! அவர் என்ன தவறு செய்தார்?

நியூயார்க் ரெயில்வேக்காரர்களுக்கும் இதே தலைவலி. 1984-ம் ஆண்டு ஒரு திட்டம் போட்டார்கள். கழுவிச் சுத்தம் செய்த பெட்டியில் மறுபடி எழுத்து இருந்தால், அதை அழிக்கும் வரை அந்தப் பெட்டியை ஓட்டுவதில்லை. இப்படி ஐந்து வருடம் பாடுபட்டு, 1989-ம் ஆண்டு மே 12-ந் தேதிதான் கடைசிக் கிறுக்கல் பெட்டியை ஓட்டத்திலிருந்து எடுத்தார்கள்.

இதே காலத்தில் என்ன நடந்தது தெரியுமா? கீத் ஹாரிங் என்ற இளைஞர், சுரங்க ரெயில் நிலையங்களில் காலியாக இருந்த விளம்பரப் பலகைகளில் சாக்பீசால் படம் போட்டார். அதற்காகப் போலீசார் அவரைப் பல முறை பிடித்தார்கள். பின்னாளில் அவருடைய படங்களைக் காட்சிசாலைகள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கின.

சுவரில் வாசகம் எழுதிக்கொண்டிருந்த இன்னோர் இளைஞர் பாஸ்கியா. அவர் சுவரை விட்டுத் துணியில் வரையத் தொடங்கினார். 1988-ம் ஆண்டு, 27 வயதிலேயே இறந்துபோனார். அவர் 1982-ல் வரைந்த ஒரு படம், 2017-ம் ஆண்டு ஏலத்தில் 11 கோடி டாலருக்கு மேல் விலை போனது!

தெருவில் இருந்தால் குற்றம். மண்டபத்தில் இருந்தால் பொக்கிஷம். இது என்ன நியாயம் என்று வாசகர்கள் கேட்கலாம்.

பாங்க்சி என்ற பிரபல சுவர் ஓவியரும் கேட்டார். தெருவில் சும்மா பார்த்த படத்தை, கட்டணம் கொடுத்துப் பார்ப்பதா? அவரே பணம் கொடுத்து, திங்கட்கிழமைகளில் எல்லோரும் இலவசமாகப் பார்க்க ஏற்பாடு செய்தார்.

அழைத்தவர்களே அழித்தார்கள்

அந்தக் கண்காட்சிக்கு முன்பு நடந்த ஒரு சம்பவத்தையும் மறக்கக் கூடாது.

கட்டிடத்தின் வெளிச்சுவரில் வரைவதற்கு, இத்தாலி நாட்டு ஓவியர் ப்ளூ என்பவரைக் காட்சிசாலையே அழைத்தது. 2010-ம் ஆண்டு டிசம்பரில் அவர் வரைந்தார். வரிசை வரிசையாகச் சவப்பெட்டிகள்; அவற்றின் மேல் தேசியக் கொடிக்குப் பதிலாக டாலர் நோட்டு! பணத்துக்காகச் சிப்பாய்கள் சாகிறார்கள் என்ற கருத்து அதில் தெரிந்தது.

பக்கத்திலேயே முன்னாள் சிப்பாய்களுக்கான மருத்துவமனை இருக்கிறது. போரில் பணிபுரிந்த ஜப்பானிய வம்சத்து அமெரிக்க வீரர்களின் நினைவுச் சின்னமும் இருக்கிறது. அங்கே வருகிறவர்களின் மனம் புண்படும் என்று சொல்லி, காட்சிசாலை அந்தப் படத்தின் மேல் வெள்ளையடித்துவிட்டது.

மனம் புண்படும் என்பது உண்மையாக இருக்கலாம். அதைத் தூரிகை எடுக்கும் முன்பே பேசியிருக்க வேண்டாமா? விருந்துக்கு அழைத்து, இலை போட்டுப் பரிமாறிவிட்டு, கை வைக்கும் நேரத்தில் இலையை உருவுவதா?

கண்காட்சி தொடங்கியதும், அக்கம் பக்கத்துக் கட்டிடங்களில் புதுக் கிறுக்கல்கள் தோன்றின. போலீசார் குறைப்பட்டுக்கொண்டார்கள். கேட்காமல் எழுதினால் தொல்லைதான் என்பதும் அங்கேயே தெரிந்துவிட்டது.

ஒரு நல்ல தீர்ப்பு

அப்படியானால் வழி என்ன? நியூயார்க் கோர்ட்டு ஒரு வழி காட்டியிருக்கிறது.

அந்த நகரத்தின் குவீன்ஸ் பகுதியில், 'பைவ் பாயிண்ட்ஸ்' என்ற பழைய தொழிற்சாலைக் கட்டிடம் இருந்தது. சொந்தக்காரரே ஓவியர்களுக்கு அனுமதி கொடுத்தார். அவர்கள் பல வருடம் வரைந்தார்கள். அதைப் பார்க்கவே வெளியூர்களிலிருந்து மக்கள் வந்தார்கள்.

பிறகு சொந்தக்காரர் அதை இடித்துவிட்டு அடுக்கு மாடி கட்ட நினைத்தார். 2013-ம் ஆண்டு நவம்பரில், ஓர் இரவில், சொல்லாமல் கொள்ளாமல் எல்லாப் படங்களையும் வெள்ளையடித்து மறைத்தார். 21 ஓவியர்கள் வழக்குப் போட்டார்கள்.

கலைப் படைப்புகளைக் காக்க 1990-ல் வந்த சட்டம் அமெரிக்காவில் இருக்கிறது. அதன்படி 2018-ம் ஆண்டு தீர்ப்பு வந்தது. 45 படங்கள். படம் ஒன்றுக்கு 1½ லட்சம் டாலர். மொத்தம் 67½ லட்சம் டாலர் நஷ்ட ஈடு! 2020-ல் மேல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது.

இதில் இரு தரப்புக்கும் பாடம் இருக்கிறது. வரைகிறவன் கேட்டுவிட்டு வரைய வேண்டும். 'சரி' என்று சொன்னவன், பிறகு அந்த உழைப்பை மதிக்க வேண்டும்.

நகரங்களை ஆளுகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. எழுத வேண்டும் என்று துடிக்கும் பிள்ளைகளைப் பிடித்து அடைத்தால் மட்டும் போதாது. பொதுச் சுவர் ஒன்றை அவர்களுக்கு ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். பெயர் தெரியாத பையன் பட்டப் பகலில், தலை நிமிர்ந்து நின்று வரையட்டும்!

இதைப் பெற்றோர்கள் வீட்டிலிருந்தே தொடங்கலாம். கரித்துண்டு கிடைத்தால் சுவரில் கோடு போடாத குழந்தை உண்டா? கையைப் பிடித்து அடிக்காதீர்கள். பின்கட்டில் ஒரு சுவரைக் காட்டுங்கள். "இது உன்னுடையது, அடுத்த வீட்டுச் சுவர் அவர்களுடையது" என்று சொல்லிக் கொடுங்கள்.